ஒன்பது செட்டா, பத்து செட்டா?

எலக்ட்ரிக் கிட்டாருக்கு 0.009 அங்குலத் தடிமனில் தொடங்கும் கம்பி செட் (ஒன்பது) விரலுக்கு இதம், கம்பியை இழுத்து கமகம் பிடிக்கவும் சுலபம், சரி, ஆனால் கல்யாண விருந்தில் உறுமியோடு போட்டி போட்டு ஓங்கி அடித்தால் ஒவ்வொரு அடிக்கும் சுருதி ஒரு கணம் ஏறி இறங்கும். 0.010 செட்டில் (பத்து) அது குறைவு, 25.5 அங்குல ஸ்கேலில் (கம்பி அதிரும் நீளம்) மெல்லிய ஈ (E) கம்பியின் இழுவிசை சுமார் 13 பவுண்டிலிருந்து 16க்குப் போகிறது. ஃப்ளோட்டிங் பிரிட்ஜ் (ஸ்பிரிங் பிடியில் மிதக்கும் கம்பித் தாங்கி) என்றால் பின்பக்க ஸ்பிரிங்கையும் இறுக்கணும்.

கம்பி அறுந்துபோவது வேறு கதை. எப்போதும் சேடிலில்தான் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் இடம்) அறுகிறதா? அங்கே பிசிர் இருக்கும், பத்தும் அதே இடத்தில் அறும், மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள். பினாங்கு புழுக்கத்தில் துருவும் இரண்டையும் விடாது, வாசித்ததும் துடைத்துவிடுங்கள்.

மணிக்கட்டை மட்டும் அசைத்து, பிக் நுனியால் தொடுகிறவருக்கு ஒன்பதே போதும். முழங்கையிலிருந்து வீசுகிறவர் பேசாமல் பத்து போடலாம்.