பாதிக் காசில் சலானை முடித்துத் தருகிறேன் என்றான், 6,200 ரூபாய் போச்சு

கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் அங்கங்கே வார்த்தை சூடாக விழும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஈ-சலானை, அதாவது ஆன்லைனில் ஏறுகிற டிராஃபிக் அபராதத்தை, பாதிப் பணத்தில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் உட்காரவே உட்காராதீர்கள். நான் உட்கார்ந்தேன். அவன் வாங்கிக் கொடுத்த டீயையும் குடித்தேன். 6,200 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சென்னையில் சொந்தக் கார் வைத்து டாக்ஸி ஓட்டுகிறேன். ஏர்போர்ட், மகாபலிபுரம், எப்போதாவது பாண்டிச்சேரி. இந்த மாதக் கடைசியில் வண்டிக்கு எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்ட வேண்டும். சலான் பாக்கி இருந்தால் எஃப்.சி. நகராது, முதலில் அதைப் பார் என்று ஸ்டாண்டில் ஒருத்தர் சொன்னார். எனக்கு ஒரு மெசேஜ்கூட வரவில்லையே என்றேன். வராதுதான். ஆர்.சி.யில் இருப்பது நான் மூன்று வருஷத்துக்கு முன்னால் தூக்கிப் போட்ட பழைய நம்பர். மெசேஜ் எல்லாம் அந்த நம்பருக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

கடை எது என்று பேர் சொல்லப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும். எந்த மாதிரிக் கடை என்று சொன்னால் உங்களுக்கே புரியும். ஆர்.டி.ஓ. அலுவலகம் இருக்கிற தெருவில், ஜெராக்ஸ் மெஷின் ஒன்று, கம்ப்யூட்டர் இரண்டு, இன்சூரன்ஸ், எஃப்.சி., பெயர் மாற்றம், ஈ-சலான் எல்லாம் செய்து தரப்படும் என்று ஃபிளெக்ஸ். எங்கள் ஸ்டாண்டில் பாதிப் பேருக்கு இன்சூரன்ஸ் போட்டது அங்கேதான். அதனால்தான் போனேன்.

கடைக்காரன் ஆர்.சி. ஜெராக்ஸை வாங்கிப் பார்த்துக் கம்ப்யூட்டரில் தட்டினான். அரசாங்க வெப்சைட்தான், அதில் பொய் இல்லை. பதினொரு சலான் வரிசையாக வந்து நின்றது. வேகத்துக்கு ஏழு, நோ பார்க்கிங்குக்கு மூன்று, சீட் பெல்ட் ஒன்று. மொத்தம் 11,500 ரூபாய். ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். என் வண்டியின் பின்பக்கம், டிக்கி மேல் என் பெண் ஒட்டி வைத்த மஞ்சள் பூ ஸ்டிக்கர் முதற்கொண்டு தெரிந்தது. வயிற்றில் புளியைக் கரைத்தது. அந்த நேரம் பார்த்துத்தான் டீ வந்தது.

“அண்ணே, இதை அப்படியே கட்டினா நீங்க ஏமாளி. லோக் அதாலத்ல வெச்சுப் பாதியில முடிச்சிடலாம். நமக்கு உள்ள ஆள் இருக்கு.”

லோக் அதாலத் என்றால் வழக்கைச் சமரசமாகப் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றம். நான் உடனே நம்பிவிடவில்லை. பாதி எப்படிக் குறையும் என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்னதில்தான் விழுந்தேன், ஏனென்றால் அவ்வளவும் உண்மை. 2023 பிப்ரவரியில் கர்நாடகாவில் பாக்கி சலானுக்குப் பாதித் தள்ளுபடி கொடுத்தார்களா இல்லையா என்றான். கொடுத்தார்கள். பெங்களூரில் இருக்கிற என் மச்சானே அப்போது பாதி கட்டினான். தெலங்கானாவில் 2022-லும் 2023 கடைசியிலும் தள்ளுபடி விட்டார்களே என்றான். விட்டார்கள். டெல்லியில் லோக் அதாலத்தில் குறைத்துக் கட்டுகிறார்களே என்றான். அதுவும் சரி. நாலு உண்மையை அடுக்கிவிட்டு அதன் மேல் ஒரே ஒரு பொய்யை ஏற்றி வைத்தான், “இங்கயும் இருக்குண்ணே, வெளிய சொல்ல மாட்டாங்க”. தள்ளுபடி என்றால் பேப்பர், டிவி என்று ஊருக்கே கூவித்தானே சொல்வார்கள், இதை மட்டும் ஏன் காதோடு சொல்ல வேண்டும்? அந்த யோசனை எனக்கு அங்கே வரவில்லை. 5,750 மிச்சம் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

5,750 ரூபாய் பாதி, 450 ரூபாய் சர்வீஸ் சார்ஜ், ஆகமொத்தம் 6,200. 5,000 ரூபாயை ஜிபேயில் போடச் சொன்னான். ஒரு பெண் பெயர் வந்தது. “நம்ம அக்கா அக்கவுண்ட்தாண்ணே” என்றான். மீதி 1,200 ரொக்கமாகக் கொடுத்தேன். பில் கேட்கவில்லை. இன்சூரன்ஸுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்கிற நான், 6,200 ரூபாய்க்கு ஒரு துண்டுச் சீட்டு கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் கூப்பிட்டான். கலர் பிரிண்ட் எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தான். மேலே முத்திரை மாதிரி ஒன்று, கீழே பதினொரு வரி, ஒவ்வொன்றின் கடைசியிலும் பச்சையில் ‘கட்டப்பட்டது’. டேஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்தேன்.

ஒன்பதாவது நாள். கோவளம் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டிலிருந்து ஏர்போர்ட்டுக்கு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்தேன். கிளம்பும்போதே லேட். ஈ.சி.ஆரில் ரோடு காலி, மிதித்துவிட்டேன். போலீஸ் ஜீப் ஓரமாக நின்றதைக் கடைசியில்தான் பார்த்தேன். கை காட்டினார்கள். இண்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கினேன்.

“டிரைவர், 83-ல வந்திருக்கீங்க. போர்டுல என்ன போட்டிருக்கு?”

60 என்று போட்டிருந்தது. 2023 நவம்பரிலிருந்து சென்னைக்குள் காருக்கு 60, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் 30. தினமும் ஓட்டுகிறவனுக்கு இது தெரியாமலா இருக்கும். தெரியாது என்று நடிக்கவில்லை, ஃப்ளைட்டுக்கு லேட் சார் என்றேன். எஸ்.ஐ. திட்டவெல்லாம் இல்லை. லைசென்ஸ், ஆர்.சி. கேட்டார், டிஜிலாக்கரில் காட்டினேன், ஏற்றுக்கொண்டார். மெஷினில் நம்பரைப் போட்டவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“ஏற்கெனவே பதினொண்ணு நிக்குதேங்க. இதோட பன்னெண்டு.”

இப்போது எழுதும்போதும் கூசுகிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சார், எல்லாம் கட்டியாச்சு. மெஷினைச் சரியாப் பாருங்க.” குரலை உயர்த்தியே சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் பிள்ளையாருக்குப் பின்னாலிருந்து கவரை உருவி, ஏதோ தாசில்தார் உத்தரவு மாதிரி நீட்டினேன்.

அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பக்கத்திலிருந்த ஏட்டிடம் காட்டினார், அவர் சிரித்துவிட்டார்.

“பதினோரு சலானுக்கும் ஒரே டிரான்சாக்‌ஷன் நம்பர். ஒரே நிமிஷத்துல கட்டியிருக்கீங்க. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ரசீது வருங்க. யாரு அடிச்சுக் குடுத்தது இது?”

பின்சீட்டிலிருந்து அந்தப் பெண், “அண்ணா, ஃப்ளைட் போயிடும்ணா” என்றது. பன்னிரண்டாவது சலானை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். ஏர்போர்ட் வரைக்கும் வண்டியில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்பீடோமீட்டர் 55-ஐத் தாண்டவில்லை.

இறக்கிவிட்ட கையோடு கடைக்காரனுக்குப் போன் போட்டேன். இனிமேல் கேளுங்கள் கதையை.

முதல் நாள், “சர்வர் டவுன்ணே, அப்டேட் ஆக எழுபத்திரண்டு மணி நேரம் ஆகும்.” ஏற்கெனவே ஒன்பது நாள் ஆச்சே என்றால், “வொர்க்கிங் டேஸ்ணே.” மூன்றாம் நாள், “ஃபைல் கோர்ட்டுக்குப் போயிருக்கு, ரெண்டாவது சனிக்கிழமைதான் லோக் அதாலத்.” அப்புறம் ஏன் அன்றைக்கே ‘கட்டப்பட்டது’ என்று ரசீது கொடுத்தாய்? “அது புரொவிஷனல்ணே.” நான்காம் நாள் மாமா செத்துவிட்டாராம், ஊரில் இருக்கிறானாம். அன்றைக்கே கடைக்கு நேரில் போனேன். ஆள் உள்ளேதான் இருந்தான். என்னைப் பார்த்ததும் பின்பக்கமாக நழுவிவிட்டான். மீசை முளைக்காத ஒரு பையன் மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான்.

“அங்கிள், நீங்க குடுத்ததுக்கு பில் இருக்கா?”

இவ்வளவு நாளில் சாமர்த்தியமான கேள்வி அதுதான். பதில் இல்லை என்னிடம். ஜிபேயில் போன 5,000-ஐக் காட்டினேன். “அது யாரோ லேடி பேரு அங்கிள், நம்ம கடை இல்லையே.” 6,200 ரூபாய் அந்த நிமிஷம்தான் எனக்கு உண்மையாகவே போனது. அதுவரை எங்கேயோ திரும்பி வந்துவிடும் என்று ஒரு நப்பாசை இருந்தது.

அதற்கப்புறம் வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டான். ஸ்டாண்டில் சொன்னால் ஆறுதல் சொல்வார்கள் என்று பார்த்தால், இன்னும் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தர் 3,000, இன்னொருத்தர் எவ்வளவு என்று சொல்லக்கூட மறுத்துவிட்டார். முன்னாலேயே வாயைத் திறந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். அதனால்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

ராத்திரி வீட்டில் உட்கார்ந்து, போனில் நானே அந்த அரசாங்க வெப்சைட்டைத் திறந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. பதினொன்றில் பத்து என்னுடையவைதான், மறுக்க முடியாது. ஒரு நோ பார்க்கிங் மட்டும் என் வண்டியே இல்லை! என்னுடையது வெள்ளை, படத்தில் இருப்பது சில்வர். கடைசி இலக்கம் 3, அதை 8 என்று எடுத்திருக்கிறது. அது மட்டும் 1,500 ரூபாய். அதற்கு அதே வெப்சைட்டில் புகார் போட்டிருக்கிறேன், காசு செலவில்லை. கடைக்காரனும் இந்தப் படத்தைப் பார்த்திருப்பான். இது உங்க வண்டி இல்லையே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதற்கும் பாதி வாங்கிக்கொண்டான் படுபாவி.

மீதி பத்துக்கு 10,000 ரூபாய், புதுசுக்கு 1,000. சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினேன். ஒரு சலானுக்கு மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி ரசீது வந்தது, எஸ்.ஐ. சொன்ன மாதிரியே. 11,500-ல் பாதி மிச்சம் பிடிக்கப் போய் அதற்கு மேல் 6,200.

எப்படித் தப்பிப்பது என்று விவரமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். விடிந்தால் ட்ரிப் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆர்.சி.யில் உங்கள் இப்போதைய போன் நம்பர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். என் வினை அங்கேதான் ஆரம்பித்தது. சலானைப் பார்க்கவும் கட்டவும் வெப்சைட் முகவரி gov.in என்று முடிய வேண்டும், வேறு எதில் முடிந்தாலும் மூடிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சலான் என்று ஏபிகே ஃபைல் (போனில் ஆப்பை ஏற்றுகிற ஃபைல்) வந்தால் தொடவே தொடாதீர்கள், அது தனிக் கொள்ளை, அதில் பேங்க் அக்கவுண்டே துடைத்துக்கொண்டு போகும். கட்டுவதற்கு முன் படத்தைப் பாருங்கள். கேமராவில் பிடித்த சலான் என்றால் நம்பர் பிளேட் தெரிகிற படம், எந்த வேகம், தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் கொண்டுவந்த 167ஏ விதி சொல்கிறது. இல்லையென்றால் கேளுங்கள். நிறுத்தினால் நிற்கவும், எகிற வேண்டாம். நான் எகிறிய லட்சணத்தைத்தான் மேலே படித்தீர்களே.

பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு போன் அடியுங்கள், அன்றைக்கே. நான் மாமா சாவு, லோக் அதாலத் என்று அவன் பின்னால் அலைந்துவிட்டு அப்புறம் அடித்தேன். புகார் எண் மட்டும் வந்திருக்கிறது. அந்த அக்கவுண்டில் பணம் இன்னுமா இருக்கும்?

இன்று காலை அந்தத் தெரு வழியாகத்தான் எஃப்.சி.க்குப் போனேன். கடை திறந்திருந்தது. ஃபிளெக்ஸில் ஈ-சலான் என்ற இடத்தில் மட்டும் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு ஆட்டோக்காரர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தி, அவரை வெளியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.