கோபுர அறையா, தூணில்லாக் கூடமா?

ஆய்வுக்கூடத்தைச் சின்னச் சின்ன அறைகளாக அடைப்பதா, ஒரே நீளக் கூடமாகத் திறந்து விடுவதா? தென்னாப்பிரிக்காவின் டர்பனில் லேப் டெக்னீஷியனாக இரண்டிலும் வேலை பார்த்தவள் நான். லூயிஸ் கான் என்ற கட்டடக் கலைஞர் இரண்டையும் கட்டியே பார்த்துவிட்டார்.

1960 வாக்கில் ஃபிலடெல்ஃபியாவில் எழுந்த ரிச்சர்ட்ஸ் கட்டடம் கோபுரங்களின் கூட்டம். ஒவ்வொரு தளமும் 45 அடிச் சதுரம். அதையும் விஞ்ஞானிகள் தடுப்பு வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து பார்க்க அவ்வளவு அழகு. உள்ளே வெயில் கண்ணைக் கூச, ஜன்னலில் அலுமினியத் தாளை ஒட்டினார்கள். இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. வடக்கு ஜன்னல்தான் நல்லது என்று எழுதும் புத்தகங்கள் பூமியின் வட பாதி நாடுகளுக்கானவை. டர்பனில் வெயில் வடக்கிலிருந்து விழுகிறது. இங்கே பெஞ்சுக்குத் தெற்கு வெளிச்சம்தான் சுகம்.

1965இல் கலிஃபோர்னியாவில் முடிந்த சால்க் நிலையம் நேரெதிர். 65 அடி அகலம், 245 அடி நீளம், நடுவே ஒரு தூண் கிடையாது. ஒவ்வொரு லேப் தளத்துக்கு மேலும் ஆள் நின்று வேலை செய்ய 9 அடி உயரமுள்ள ஒரு குழாய்த் தளம். அதன் அருமை எனக்குத் தெரியும். பழைய லேப் ஒன்றில் சீலிங்குக்குள் குழாய் கசிந்தபோது, பெஞ்சுகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் போர்த்திவிட்டு மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருந்தோம். வளர்த்து வைத்த செல்கள் அத்தனையும் போயின. குழாய்த் தளத்துக்குச் செலவு கூடும், சரி. முடியாதவர்கள் லேபின் முதுகுப் பக்கம் ஆள் நடக்கிற அகலத்தில் ஒரு குழாய் நடையாவது விடலாம்.

கூடத்தில் சத்தம் உண்டு. ஆனால் யார் கையிலாவது ஆசிட் பட்டால் நாலு பேர் ஓடி வருவார்கள். அதனால் என் மனசு கூடத்தின் பக்கம்தான். ஆனால் ஃபியூம் ஹூட்டை, அதாவது ரசாயன ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடி முகப்புப் பெட்டியை, நடைபாதையோரம் வைக்காதீர்கள். அதன் வாயில் காற்று நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில்தான் உள்ளே போகிறது. நாம் நடப்பது அதைவிட வேகம். டிஷ்யூ பேப்பரைக் கீற்றாகக் கிழித்து ஹூட்டின் கண்ணாடி விளிம்பில் ஒட்டிப் பாருங்கள். உள்பக்கம் சாய்ந்தே இருக்கும். பக்கத்தில் ஒருவர் விறுவிறுவென்று நடந்தால் போதும், வெளியே படபடக்கும். ஆவியும் அப்படித்தான் முகத்துக்கு வரும். ஹூட் கடைசிச் சுவரோரம் போகட்டும்.

டிபி கிருமி வளர்க்கும் வேலைக்கு மட்டும் பேச்சே இல்லை: அடைத்த அறை, இரட்டைக் கதவு, காற்று எப்போதும் வெளியிலிருந்து உள்ளே. அந்த ஓட்டத்தை உண்டாக்குவது எக்ஸாஸ்ட் ஃபேன். 2008இலிருந்து லோட் ஷெடிங் என்ற முறை வைத்த மின்வெட்டைப் பார்த்த ஊர் நம்முடையது. வரைபடத்தில் ஜெனரேட்டர் லைன் ஃப்ரிட்ஜோடு நின்றுவிடுகிறதா, அந்த ஃபேன் வரை போகிறதா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே விரல் வைத்துப் பாருங்கள்.