கடல்நீர்த் தொட்டியில் நைட்ரேட்டைக் குறைக்க: கீட்டோ பாசியா, வினிகரா?

கடல்நீர் மீன்தொட்டி வைப்பவர்களுக்கு முதல் நான்கு முதல் ஆறு வாரங்கள் அம்மோனியாவோடு மல்லுக்கட்டு; அதற்குப் பிறகு, தொட்டி ஓடும் காலம் முழுவதும் நைட்ரேட்டோடு மல்லுக்கட்டு. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வரும் அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாறுவது பலரும் அறிந்ததே. அந்த நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகி வெளியேறும் கடைசிக் கட்டம், ஆக்சிஜன் எட்டாத இடத்தில்தான் நடக்கும். கடலிலிருந்து எடுத்த பாறையின் உட்பகுதி அதற்கு ஏற்ற இடம். ஆனால் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், அத்தகைய பாறையை நான் வாங்குவதில்லை. செராமிக் கற்களை வைத்து ஓடும் என் தொட்டியில் அந்தக் கடைசிக் கட்டம் மந்தமாகவே நடக்கிறது.

தண்ணீரை மாற்றினால் போதாதா என்றால், கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். வாரம் 4 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 4 பங்கு) நைட்ரேட் சேரும் தொட்டியில் வாரந்தோறும் 20 விழுக்காடு தண்ணீரை மாற்றி வந்தால், மாற்றும் முன் 20, மாற்றிய பின் 16 என்ற இடத்தில் அளவு வந்து நின்றுவிடும். எத்தனை மாதம் தொடர்ந்தாலும் அதற்குக் கீழே இறங்காது. இறக்க வேண்டுமானால் இன்னும் அதிகம் மாற்ற வேண்டும். உப்பு விற்கும் விலையில், ஆர்.ஓ. எந்திரம் கழித்துவிடும் தண்ணீரையும் சேர்த்துப் பார்த்தால், சென்னைக் கோடையில் அது கட்டுப்படியாகாது. ஆகவே மிஞ்சுவன இரண்டு வழிகள்: சம்ப்பில் (பிரதான தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டியில்) ஓர் அறை ஒதுக்கிக் கீட்டோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் கீட்டோமார்ஃபா பாசி வளர்ப்பது, அல்லது நாள்தோறும் வினிகரோ ஓட்காவோ ஊற்றி நுண்ணுயிர்களைப் பெருக்குவது. நான் பாசியைத் தேர்ந்தெடுத்தேன்.

வினிகர் முறையின் தத்துவம் எளிமையானது. தொட்டி நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருந்தாலும், நுண்ணுயிர்கள் பெருகுவதற்குத் தேவையான கரிமப்பொருள் குறைவாகவே இருக்கும். அதைக் கொடுத்தால் அவை நைட்ரேட்டை உறிஞ்சிப் பெருகும். பெருகியவற்றை, நீரில் காற்றுக் குமிழிகளைக் கலக்கும் ஸ்கிம்மர் என்ற கருவி நுரையோடு வெளியேற்றும். ஓட்காவும் இதே வேலையைச் செய்யும் என்றாலும், டாஸ்மாக் வாசலில் நின்று மீனுக்குத்தான் வாங்குகிறேன் என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. வினிகர் மளிகைக் கடையிலேயே கிடைக்கிறது. இடம் தேவையில்லை, விளக்கு தேவையில்லை, செலவும் சொற்பம். மீன் நெருக்கம் மிகுந்து நைட்ரேட் 50 பி.பி.எம்.மைத் தாண்டிய தொட்டியில், பாசியைவிட இது விரைவாகப் பலன் தரும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இருந்தும் எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: மின்சாரம் போனாலோ, வீட்டில் ஆள் இல்லாவிட்டாலோ இந்த இரண்டு வழிகளிலும் என்ன ஆகும் என்பது.

25 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். கடல்நீர் தாங்குவது 6.7 அளவுதான். 30 டிகிரியில் அது 6.2 அளவுக்கு இறங்கிவிடும். வினிகர் ஊற்றும் தொட்டியில் இந்தக் குறைந்த இருப்பிலிருந்துதான் பெருகிய நுண்ணுயிர்களும் மூச்சு வாங்குகின்றன. காலையில் வினிகர் ஊற்றி மதியம் மின்சாரம் போனால், காற்றைக் கலக்கிக் கொடுத்த ஸ்கிம்மர் நின்றுவிடும், அலை எழுப்பும் பம்பும் நின்றுவிடும். ஆனால் நுண்ணுயிர்களின் பசி நிற்காது. அளவு மிஞ்சிய தொட்டியில் தண்ணீர் பால் கலந்தாற்போல் வெளுத்து, மீன்கள் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நிற்பது இந்த முறையில் அறியப்பட்ட ஆபத்து. இன்வெர்ட்டரில் பம்பை இணைத்து வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

ஊருக்குப் போகும்போதும் இதே சிக்கல்தான். ஒரு வாரம் வினிகர் நின்றால் நுண்ணுயிர்களின் எண்ணிக்கை சரியும். திரும்பி வந்ததும் பழைய அளவையே ஊற்ற முடியாது, குறைத்துத் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். வீட்டில் தம்பியிடம் ஒப்படைத்தால், அவன் மறந்து மறுநாள் இரண்டு பங்காக ஊற்றிவிடக்கூடும் என்ற பயம் வேறு.

பாசியும் இருட்டில் ஆக்சிஜனை உட்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் ஒருநாள் விளக்கு எரியாவிட்டால் அதன் வளர்ச்சி தடைபடும், அவ்வளவுதான். கவனிக்காமல் விட்டதற்கான தண்டனை மெதுவாகவே வருகிறது. மேலும் கடற்பாசி நைட்ரேட்டுக்காகக் காத்திருப்பதில்லை, அம்மோனியத்தையே நேரடியாக எடுத்துக்கொள்ளும். பிரதான விளக்கு அணைந்த பிறகு சம்ப் விளக்கை எரியவிட்டால், இரவில் பி.எச். (நீரின் அமில-காரத் தன்மையின் அளவு) இறங்குவதும் மட்டுப்படும். என் தொட்டியில் இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை அது எரிகிறது.

பாசிக்கும் பராமரிப்பு உண்டு; அதைச் செய்யாதவருக்குப் பயன் இல்லை. பாசியின் உடலுக்குள் போன நைட்ரஜன், பாசியை வெளியே எடுக்கும் வரை தொட்டியில்தான் இருக்கிறது. பாசி உருண்டையாகப் பெருகி அறையை அடைத்துவிட்டால் வெளிச்சம் எட்டாத அடிப்பகுதி வெளிறி அழுகத் தொடங்கும், உறிஞ்சியது எல்லாம் திரும்ப வந்துவிடும். எனவே உருண்டையைத் தூக்கி, சிக்குண்ட நைலான் நூலைப் பிரிப்பதுபோலப் பிய்த்து, பாதியைத் திரும்பப் போடுகிறேன். வெளியே எடுக்கும் பாதியைத் தொட்டி நீர் உள்ள வாளியில் உதறினால், அரிசிக் குருணை அளவுள்ள கூனிகள் உதிர்ந்து நீந்தும். அவற்றைத் தொட்டியில் விட்டால் மீன்கள் விரட்டிப் பிடித்துத் தின்கின்றன. கௌலர்ப்பா வகைப் பாசியை மட்டும் நான் போடுவதில்லை. அது சில சமயம் ஒரே இரவில் இனப்பெருக்கத்துக்காகத் தன் உட்பொருளை நீரில் கொட்டிவிட்டு மடிந்துபோகும்.

பாசி வளராமல் நின்றுவிட்டது என்று குறைபடுபவர்கள் பாஸ்பேட்டைப் பார்க்க வேண்டும். கடற்பாசிகளில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குச் சராசரியாக 30 நைட்ரஜன் அணுக்கள் உண்டு என்று 1983இல் அட்கின்சனும் ஸ்மித்தும் கணக்கிட்டார்கள்; டெஸ்ட் கிட் அளவில் அது 1 பங்கு பாஸ்பேட்டுக்கு ஏறக்குறைய 20 பங்கு நைட்ரேட். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் துகளைத் தாராளமாகப் போட்டு அதைத் துடைத்தெடுத்துவிட்டால், நைட்ரேட் எவ்வளவு இருந்தாலும் பாசியால் எடுக்க முடியாது. இரும்பு, அயோடின் போன்றவற்றையும் பாசி தின்றுவிடும் என்பதால், தண்ணீர் மாற்றுவதை அடியோடு நிறுத்திவிட முடியாது.

கடினப் பவளம் வளர்ப்பவர்களில் ஒரு சாரார், பெருகும் நுண்ணுயிர்களே பவளத்துக்கு உணவாகின்றன என்று சொல்லி வினிகரை விரும்புகிறார்கள். நான் மீன் மட்டுமே வளர்ப்பதால் அந்தப் பக்கத்தை எடைபோட எனக்கு அனுபவம் போதாது. வினிகரைத் தேர்ந்தெடுப்பவர்கள் நல்ல ஸ்கிம்மர் இல்லாமல் இறங்க வேண்டாம். 100 லிட்டருக்கு நாளொன்றுக்கு 1 மில்லிலிட்டர் அளவில் தொடங்கி, வாரத்துக்கு ஒருமுறை மட்டும் சிறிதாக ஏற்றி, பி.எச். ஏறும் பகல் பொழுதில் ஊற்றினால் ஆபத்து குறையும். புதிய தொட்டியில் இரண்டில் எதையும் அவசரப்பட்டுத் தொடங்க வேண்டாம். பல டெஸ்ட் கிட்டுகளில் நைட்ரைட் இருந்தால் நைட்ரேட் அளவு மிகையாகக் காட்டும் என்பதால், நைட்ரைட் பூச்சியத்துக்கு வந்த பிறகு அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சம்ப் இல்லாத 60 லிட்டர் தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீன் மட்டும் வைத்திருப்பவருக்கு இரண்டுமே தேவையில்லை. தீனியைக் குறைத்து, வாரந்தோறும் தண்ணீர் மாற்றினாலே போதும்.