0.06 மில்லிமீட்டர்: சூப்பர்சார்ஜர் போட்ட எஸ்டீமோடு மூன்று வருடம்

கொடைக்கானலில் இருக்கும் நண்பர் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பினார். "எஸ்டீமுக்கு சூப்பர்சார்ஜர் போட்டீங்களே, பிராக்கெட்டும் புல்லியும் எங்கே செஞ்சீங்க, எவ்வளவு ஆச்சு, நானும் போடலாமா?" நல்ல கேள்விதான், வந்த நேரம்தான் சரியில்லை. அப்போதுதான் நாலாவது பெல்ட்டை மாட்டி முடித்துவிட்டு, விரல் இடுக்கெல்லாம் ரப்பர் கரியோடு ஷெட் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு நாலு வரி எழுத ஆரம்பித்தது இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நடுவில் கொஞ்சம் கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

வண்டியைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. மாருதி எஸ்டீம், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சுகிற) மாடல், 1298 சிசி ஜி13பிபி எஞ்சின். மேலே ஏறியிருக்கிற சூப்பர்சார்ஜர், அதாவது எஞ்சின் பெல்ட்டில் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற புளோயர், ஐசின் ஏஎம்ஆர்500, செகண்ட் ஹேண்ட், ஒரு சுற்றுக்கு அரை லிட்டர் காற்றைத் தள்ளுகிற ரூட்ஸ் வகை. கோத்தகிரியில் ஏசி போட்டுக்கொண்டு யாரும் கார் ஓட்டுவதில்லை, அதனால் ஏசி கம்ப்ரசரைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு அந்த இடத்தில் இதை உட்கார வைத்தேன். பெட்டியில் வந்தது புளோயர் மட்டும்தான். பிராக்கெட், கிராங்க் புல்லி, புளோயர் புல்லி, ஐட்லர் (பெல்ட்டைத் தாங்கிப் பிடிக்கிற சும்மா சுழலும் உருளை), த்ராட்டில் பாடிக்கு, அதாவது எஞ்சினுக்குக் காற்று நுழைகிற வாய்க்குப் போகிற குழாய் எல்லாம் நாமே செய்துகொள்ள வேண்டியவை. என் மூன்று வருடமும் அதில்தான் போயிற்று.

ரோட்டில் ஓட்டுகிறாயா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. சித்தப்பாவின் தேயிலைத் தோட்டத்துப் பாதையில்தான் இது ஓடுகிறது, வருடத்தில் இரண்டு மூன்று தடவை ரெக்கவரி வண்டியில் ஏறிக் கீழே இறங்கி, கோவை செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போய்வரும். ரெக்கவரி வண்டிக்காரர் இப்போது வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். கடல் மட்டத்தில் 14.7 பிஎஸ்ஐ இருக்கிற காற்றழுத்தம் இங்கே 1,800 மீட்டர் உயரத்தில் 12-க்கும் கொஞ்சம் கீழே. ஐந்தில் ஒரு பங்கு காற்று இல்லை. 85 குதிரைத்திறன் என்று சொல்லி விற்ற எஞ்சின் இங்கே 68-க்குப் பக்கத்தில்தான் நிற்கும், மலைக்காரர்கள் நாம் அதற்குப் பழகிவிட்டோம், கார் என்றாலே கொண்டை ஊசியில் செகண்ட் கியரில் முனகும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த வகை புளோயர் வெளிக்காற்றை ஒரே விகிதத்தில் பெருக்கும். கரி டிராக்கில் பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேல் ஏறுகிற அழுத்தம்) முள் 6 பிஎஸ்ஐயைத் தொடப் போகும், இங்கே 5-க்குக் கீழேயே நின்றுவிடும், அதுவே போதும். புளோயர் காற்றைச் சூடாக்குகிறது, அதை ஆற்றுகிற இன்டர்கூலர் என் வண்டியில் கிடையாது, அதனால் கூட்டல் கணக்கில் வருகிற பலன் முழுசாக வராது. ஆனாலும் மலை பறித்துக்கொண்டதை ஏறக்குறையத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. டர்போ மாதிரி காத்திருக்கவும் வேண்டாம். தோட்டத்தின் கடைசி ஏற்றத்தில், ஃபேக்டரிக்குத் திரும்புகிற வளைவில், 2,000 ஆர்பிஎம்மில் காலை வைத்தால் வண்டி எழுந்து போவதை முதல் தடவை பார்த்துவிட்டுச் சும்மாவே நாலு தடவை ஏறி இறங்கினேன்.

அப்புறம் வந்தது 'கீச்'.

பிராக்கெட்டையும் இரண்டு புல்லிகளையும் முதலில் செய்தது கோவையில் ஒரு ஃபேப்ரிகேஷன் கடை. பெயர் வேண்டாம். 6 மில்லி எம்எஸ் (சாதா இரும்பு) பிளேட்டை வெட்டி, துளை போட்டு, வெல்டு அடித்து, கறுப்புப் பெயின்ட் பூசிக் கொடுத்தார்கள். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. மாட்டும்போதே நாலு போல்ட்டில் மூன்றுக்கு வாஷர் பேக்கிங் வைக்க வேண்டியிருந்தது, அப்போதே நான் விழித்திருக்க வேண்டும், ஆனால் ஆசை. முதல் நாள் ஸ்டார்ட் செய்ததும் குருவி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். ஒரு வாரத்தில் குருவி பன்றியாகிவிட்டது. பெல்ட்டின் ஓரக் காடியிலிருந்து கறுப்புத் தூள் கொட்டி, 400 கிலோமீட்டரில் ஒரு விலா அப்படியே உரிந்து வந்தது.

பெல்ட் சத்தம் போட்டால் ஒரு எளிய சோதனை உண்டு. ஓடுகிற பெல்ட்டின் காடிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். சத்தம் சட்டென்று அடங்கிக் கொஞ்ச நேரத்தில் திரும்பினால் புல்லிகள் ஒரே நேரில் இல்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, இறுக்கம் போதவில்லை. என்னுடையது அடங்கி அடங்கித் திரும்பியது. நேர்க்கோல் வைத்துப் பார்த்தால் புளோயர் புல்லி 2 மில்லி வெளியே, போதாததற்குத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. கடைக்குப் போன் செய்தேன். "அதெல்லாம் ஓட ஓட செட் ஆயிடும் சார்" என்றார்கள். ஆகவில்லை. இரண்டாவது பெல்ட்டும் போயிற்று, கூடவே வெல்டு ஓரத்தில் ஒரு விரிசல்.

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பா, தேயிலை ஃபேக்டரிகளுக்கு சிடிசி ரோலர் ஷார்ப்னிங் செய்கிற பட்டறைக்கு என்னை அனுப்பினார். சிடிசி ரோலரைப் பார்க்காதவர்களுக்கு: இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுகிற ஜோடி உருளைகள், மேலெல்லாம் பல். பல் மழுங்கினால் லேத்தில் ஏற்றி மறுபடி காடி வெட்ட வேண்டும். ஒரு அங்குலத்துக்கு எட்டுப் பல், பத்துப் பல் என்று கணக்கு. நீலகிரியில் தேயிலை ஃபேக்டரி இருக்கிற வரைக்கும் இந்த வேலைக்கு முடிவே இல்லை. அங்கே கடைசல் வேலை பார்க்கிற பெரியவர் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் டர்னராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஸ்வெட்டர், மஃப்ளர், காதில் பென்சில். நான் கொண்டுபோன பிராக்கெட்டை மேஜைமேல் வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்தினார், எதிர் மூலை டக்கென்று தூக்கியது.

"வெல்டு போட்டா இரும்பு இழுக்கும் தம்பி. இழுக்கட்டும். இழுத்து முடிச்சப்புறம் முகத்தைச் சீவு, அதுக்கப்புறம் துளை போடு. இவங்க துளையைப் போட்டுட்டு வெல்டு அடிச்சிருக்காங்க."

இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் 14,000 ரூபாய் கட்டியிருக்கிறேன்.

அவர் வெல்டே இல்லாமல் ஒன்று செய்தார். 12 மில்லி பிளேட் இரண்டு, நடுவில் இஎன்8 எஃகுக் கம்பியில் கடைந்த நாலு ஸ்பேசர், ஊடே நீள போல்ட். நாலு ஸ்பேசரும் ஒரே நீளமாக இருந்தால் இரண்டு பிளேட்டும் தானாக இணையாக நிற்கும், அவ்வளவுதான் சூட்சுமம். புளோயரின் பின்பக்கம் அந்தரத்தில் தொங்குவதுதான் விரிசலுக்குக் காரணம் என்று சொல்லி, பிளாக்கிலிருந்து ஒரு தாங்கு கம்பியும் கொடுத்தார். அந்த பிளாக் அலுமினியம், பழைய பிராக்கெட்டை வாஷர் வைத்து இறுக்கியதில் ஒரு மரை போயிருந்தது, அதற்கு ஹெலிகாயில் (புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) போட்டது தனிக்கதை.

கிராங்க் புல்லியில் டயல் கேஜ் வைத்தார். 0.4 மில்லி அவுட் அடித்தது, அதாவது சுற்றும்போது மையம் விட்டு அவ்வளவு ஆடியது. கடைக்காரர்கள் போல்ட் துளையை நம்பி மையம் பிடித்திருக்கிறார்கள், துளையில் போல்ட்டுக்கு எப்போதும் கொஞ்சம் இடம் இருக்கும். போல்ட் இறுக்கிப் பிடிக்கத்தான், மையம் காட்ட வேண்டியது ஸ்பிகாட். புதிதாகக் கடைந்த புல்லி பின்னால் வட்டமாக ஒரு மேடு வைத்து, பழைய புல்லியின் குழியில் கையால் தள்ளினால் காற்றை அழுத்திக்கொண்டு மெதுவாக உள்ளே போகிற மாதிரி உட்கார்ந்தது. இப்போது அவுட் 0.05-க்குள்.

இவ்வளவும் மாட்டியாயிற்று. சத்தம் பாதி குறைந்தது. பாதி!

நேராகத்தான் இருக்கிறது, இறுக்கமும் இருக்கிறது, பிறகும் ஓரக் காடியில் கறுப்புத் தூள். இரண்டு மாதம் தூக்கம் கெட்டது. கடைசியில் பெரியவர்தான் புளோயர் புல்லியைக் கழற்றிக்கொண்டு வரச் சொல்லி, வெர்னியரை வைத்து முதல் காடியிலிருந்து கடைசிக் காடி வரை அளந்தார். 6பிகே, அதாவது ஆறு விலா பெல்ட்டில், காடிக்குக் காடி 3.56 மில்லி. கடைக்காரர்கள் வெட்டியிருந்தது 3.5. வித்தியாசம் 0.06 தானே என்று தோன்றும். ஆனால் ஆறு காடிக்கு நடுவில் ஐந்து இடைவெளி, ஐந்து தடவை கூட்டினால் 0.3 மில்லி. நடுவில் இருக்கிற விலாக்கள் ஒழுங்காக உட்கார, ஓரத்தில் இருப்பவை காடியின் சுவரில் ஏறி நின்று தேய்ந்துகொண்டே இருந்திருக்கின்றன, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை. கிராங்க் புல்லி 130 மில்லி, புளோயர் புல்லி 75. எஞ்சின் 6,000 சுற்றினால் அந்தச் சின்னப் புல்லி 10,400 சுற்றும். அங்கே 0.06 என்பது சின்ன எண்ணே இல்லை. இதையும் போனில் சொன்னேன். "முடி கனம்கூட இல்லீங்களே சார்" என்று பதில். முடி கனம்தான். அந்த முடிதான் என் இரண்டு பெல்ட்டைத் தின்றது.

பெரியவர் பெல்ட்டைக் கையில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம ரோலர் மாதிரிதானே" என்றார். எட்டுப் பல் ரோலரின் இடைவெளி 3.175 மில்லி, கிட்டத்தட்ட உறவுக்காரன்தான், ஆனால் அந்தக் கட்டிங் டூல் ஆகாது. 40 டிகிரி கோணத்துக்குப் புது டூல் ஒன்றைத் தேய்த்து, ஒவ்வொரு காடிக்கும் டயல் கேஜ் பார்த்து நகர்த்தி, அலுமினியத்துக்குப் பதில் இஎன்8-லேயே வெட்டிக் கொடுத்தார். எடை கூடும் என்று நான் முனகினேன். "தோட்டத்துச் செம்மண் தூசியில அலுமினியக் காடி எத்தனை நாள் நிக்கும்?" என்று கேட்டார். சரி என்று வாயை மூடிக்கொண்டேன். கூலியாக அவர் வாங்கியதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், அவருக்கும் தொந்தரவு, சொல்லவில்லை. அந்தப் புல்லி இப்போது இரண்டு வருடமாக ஓடுகிறது. காடி இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. இந்த வண்டியிலேயே நான் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஒரே பாகம் அதுதான்.

நியாயமாகவும் பேச வேண்டும். அதே கோவைக் கடை செய்த அலுமினியக் குழாய், புளோயரிலிருந்து த்ராட்டில் பாடிக்கு வருவது, டிக் வெல்டு. மீன் செதில் அடுக்கிய மாதிரி வரிவரியாக இருக்கும். மூன்று வருடத்தில் ஒரு பொட்டு லீக் இல்லை. நல்ல வெல்டர்தான். அவரிடம் புல்லி செய்யச் சொன்னது யார் தப்பு என்று யோசித்தால் பதில் எனக்குப் பிடிக்காத பக்கம் போகிறது.

இப்போது எல்லாம் சரியா என்றால், கோத்தகிரியில் பனிமூட்டம் இல்லாத நாளில் சரி. மூடுபனி இறங்கின காலையில் ஸ்டார்ட் செய்தால் முதல் ஐந்து நிமிடம் மலையே கேட்கிற மாதிரி கத்தும். இது வேறு சத்தம், ஈரத்தில் கூடுகிற சத்தம், அதாவது வழுக்கல். சின்னப் புல்லியில் பெல்ட் பாதி வட்டம்கூடச் சுற்றிப் பிடிக்கவில்லை, அதுதான் விஷயம். ஐட்லரை இடம் மாற்றி, சுற்றுப்பிடியை 120 டிகிரியிலிருந்து 160-க்குக் கொண்டு வந்தோம், முக்கால்வாசி குறைந்தது. மீதியை இறுக்கியே அடக்கிவிடலாம் என்றால் பெரியவர் விடுவதில்லை, புளோயர் பேரிங் போய்விடும் என்கிறார். அவர் சொல்வது சரி. அதனால் கத்துகிறது. கொழுந்து பறிக்கிற அக்காமார்கள் தூரத்திலிருந்தே, "தம்பி வண்டிக்கு இன்னும் பால் குடுக்கலையா?" என்று கேட்கிறார்கள். போன வாரம் மூன்று நாள் தொடர்ந்து பனி, சாரல். நாலாவது பெல்ட்டுக்கு முந்தினது அப்படித்தான் வழுக்கி வழுக்கிப் பளபளத்துப் போயிற்று.

கரி டிராக்கில் பெல்ட் தொல்லை ஒன்றும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே வெயில், பெல்ட் காய்ந்து கிடக்கும், சத்தமே வராது. அதற்குப் பதில் பூஸ்ட் கூடி, சூடு கூடி, சாதா பெட்ரோலில் எஞ்சின் தட்ட (நாக்கிங்) ஆரம்பிக்கும், இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் தள்ளி இரண்டு லேப்புக்கு ஒரு தடவை ஓரம் கட்ட வேண்டும். கீழே போனால் எஞ்சின், மேலே வந்தால் பெல்ட்.

ஆக, நண்பருக்குப் பதில். புளோயர் அருமை. மலையில் இதைப் போல ஒன்று இல்லை. பெரியவர் செய்த பாகங்களுக்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன். போடாதீர்கள். கொடைக்கானலில் இங்கே இருப்பதைவிடப் பனி அதிகம், உங்கள் ஊரில் சிடிசி பட்டறையும் கிடையாது.

இதை எழுதி அனுப்புவதற்குள் நேற்று ராத்திரி அவரே போன் செய்தார். ஏசி கம்ப்ரசரைக் கழற்றிவிட்டாராம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை நான். பிறகு அந்த போல்ட் துளைகளின் அளவை எடுத்து அனுப்பச் சொன்னேன், வெர்னியரில், டேப்பில் இல்லை. சனிக்கிழமை பட்டறைக்குப் போகும்போது பெரியவரிடம் காட்ட வேண்டும்.