ஓ.எல் எழுதிவிட்டு டவுனில் வேலை: எந்தக் கடைப் படி ஏறலாம்?

ஓ.எல் (சாதாரண தர) பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களில் இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை என்று எந்த டவுனை எடுத்தாலும் பதினாறு, பதினேழு வயதுக்குக் கிடைக்கும் வேலைகள் ஐந்தாறு வகைதான். எல்லோரும் முதலில் கேட்பது நாள் சம்பளம் எவ்வளவு என்று. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை முதலில் கேட்க வேண்டியது கடை எத்தனை மணிக்குப் பூட்டும் என்பது. தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய உழைப்பில் பாதி ஆட்டோக்காரருக்குப் போய்விடும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. புடவைக்கடையில் நாளுக்கு 1,500 ரூபா, பூட்டுவது இரவு எட்டரைக்கு. காலை பஸ் 100, பகல் சாப்பாடு 400, திரும்பி வர ஆட்டோ 700. கையில் நிற்பது 300. போட்டோ கொப்பிக் கடையில் 1,200 ரூபா, ஐந்தரைக்குப் பூட்டிவிடுவார்கள். போகவர பஸ் 200, சாப்பாடு வீட்டிலிருந்து. மிச்சம் 1,000. உங்கள் ஊர்ப் பஸ் காசையும் ஆட்டோ காசையும் போட்டு இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்த பிறகே கடைப் படி ஏறுங்கள்.

வயது விஷயத்தில் மழுப்ப இடமில்லை. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இலங்கையில் வேலைக்கு வைக்கக்கூடிய குறைந்த வயது 16. "பதினைஞ்சரைதானே, யார் கேட்கப் போறாங்க" என்று சொல்லும் முதலாளி, நாளைக்குச் சம்பளத்திலும் அதே கதையைத்தான் சொல்வார். பதினாறு நிரம்பியிருந்தாலும் பதினெட்டுக்குள் ஆபத்தான வேலைகளில் வைக்க முடியாது. காலை 6 மணிக்கு முன் கடையில் நிறுத்தவும் முடியாது. தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஜனவரி முதல் மாதத்துக்கு 30,000 ரூபா, நாளுக்கு 1,200 ரூபா. முழு நாளும் நிற்கவைத்து 800 கொடுப்பவரிடம் இந்த எண்ணை மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். பல முதலாளிமாருக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத்தான் தெரிவதில்லை.

இருப்பவற்றில் நல்லது போட்டோ கொப்பி, டைப்பிங் செய்யும் கொமியுனிகேஷன் கடை. ஒதுங்க இடமும் உட்கார நாற்காலியும் உண்டு, கற்றுக்கொள்ளவும் விஷயம் இருக்கிறது. முதல் வாரத்தில் திட்டு வாங்குவது பெரும்பாலும் தாள் சிக்குவதால். எங்கள் பக்கத்துப் பனியில் 500 தாள் கட்டைப் பிரித்து அப்படியே வைத்தால் இரவோடிரவாக ஈரம் இழுத்து ஓரம் வளைந்துவிடும். காலையில் மெஷின் இரண்டு தாளைச் சேர்த்து இழுக்கும். தேவைக்கு மட்டும் கட்டைப் பிரித்து, மிச்சத்தை அதே உறையில் மடித்து வைக்க வேண்டும். தட்டில் போடுமுன் தாள்களை விசிறிவிட வேண்டும். சிக்கிய தாளை மெஷினுக்குள் தாள் ஓடும் திசையிலேயே மெதுவாக இழுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் துண்டு உள்ளே நின்றுவிடும், அதை எடுக்க ஆள் வரும்வரை கடையில் வியாபாரம் இல்லை.

அடுத்து டைப்பிங். பழைய கடைகளில் இன்னமும் பாமினி எழுத்துரு ஓடுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கடிதத்தைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் கண்டபடி கிடக்கும். யூனிகோடில் அடிக்கப் பழகிக்கொண்டு, பாமினியிலிருந்து அதற்கு மாற்றவும் தெரிந்துகொண்டால் ஒரு மாதத்தில் கடைக்கே உங்களை விட மனம் வராது. ஏ.எல் (உயர்தரம்) படிக்கும்போது சனிக்கிழமை மட்டும் வரச் சொல்லிக் கூப்பிடுவதும் இப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான்.

இந்தக் கடையின் குறை ரீலோட், அதாவது வாடிக்கையாளரின் போனுக்குக் காசு ஏற்றுவது. நம்பரில் ஓர் இலக்கம் பிசகினால் காசு வேறொருவருக்குப் போய்விடும், அதைச் சம்பளத்தில் கழிப்பார்கள். வாடிக்கையாளரையே நம்பரை எழுதித் தரச் சொல்லுங்கள், அழுத்துமுன் ஒரு தரம் உரக்க வாசித்துக் காட்டுங்கள். லெமினேட்டிங்கிலும் கவனம் வேண்டும். பிறப்புச் சான்றிதழ் மூலப் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தால் உடனே சூட்டுக்குள் விட்டுவிடாதீர்கள். ஒட்டியதைப் பிரிக்க வழியில்லை. உரியவரிடம் இரண்டு தரம் கேளுங்கள்.

புடவைக்கடைகள் தீபாவளி, நத்தார், சித்திரைப் புத்தாண்டு மூன்றுக்கும் முன்னால் ஆள் தேடும். தோட்டத்தில் தீபாவளி முற்பணம் கொடுத்த மறுநாள் கடையில் கால் வைக்க இடமிருக்காது. வேலை எளிதாகத் தெரியும், சேலையை விரிப்பதும் மடிப்பதும்தானே என்று. பத்து மணிநேரம் நின்றால் இரவில் குதிகால் பேசும். தட்டையான ரப்பர் அடிச் செருப்புப் போடுங்கள். மீட்டர் துணி வெட்டும் கத்தரிக்கோலை முதல் மாதம் தொடவே வேண்டாம், பிழையாக வெட்டிய துணி உங்கள் கணக்கில் ஏறும். பெரிய குறை, பண்டிகை முடிந்த பிறகுதான் சம்பளம் என்பது. வாராவாரம் தருவதாக ஒப்புக்கொண்டால் மட்டும் போங்கள்.

பேக்கரி, சாப்பாட்டுக்கடை வேண்டாம். விடியுமுன் மூட்டும் போறணை, கொதிக்கும் எண்ணெய், வழுக்கும் தரை. சிவனொளிபாதமலைப் பருவத்தில் நல்லதண்ணிப் பக்கத்துக் கடைகளும் இரவெல்லாம் விழித்திருக்கும் என்பதால் அதே கணக்குத்தான். காசாளர் மேசைக்கென்று கூட்டிப்போய்ப் பிறகு குசினிக்குள் தள்ளுவதும் நடக்கும்.

நுவரெலியா, வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டத்தில் கைக்காசு உடனே கிடைக்கும், அன்றைக்கு வேலை, அன்றைக்கே காசு. கரட் பிடுங்குவதும் லீக்ஸ் துப்புரவு செய்வதும் பரவாயில்லை. கரட் கழுவும் வேலைக்குக் கையுறை இல்லாமல் இறங்கினால் விரல் விறைத்து வெடிக்கும். மருந்து அடித்த பாத்திக்குள் இறங்கச் சொன்னாலும், 50 கிலோ மூட்டையைத் தூக்கச் சொன்னாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். முதுகு பிடித்துக்கொண்டால் பார்க்க வருவது அம்மா மட்டும்தான்.

எல்ல, பண்டாரவளைப் பக்கத்து விருந்தினர் விடுதிகளில் சனி ஞாயிறு பகல் வேலை ஆங்கிலத்துக்கு நல்லது. படுக்கை விரிப்பதற்கும் காலைச் சாப்பாடு எடுத்துவைப்பதற்கும் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். இரவில் தங்குவது, வெள்ளைக்காரரைத் தனியாக மலைக்குக் கூட்டிப்போவது இரண்டும் வேண்டாம்.

பலர் எண்ணிப் பார்க்காதது லயத்துச் (தோட்டத்து வரிசை வீடுகளின்) சின்னப் பிள்ளைகளுக்கு டியூசன். மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்தாறு பேர், பின்னேரம் ஒரு மணிநேரம், பஸ் செலவு இல்லை. காசை மாத முடிவில் கேட்டால் கிடைக்காது, தோட்டத்துச் சம்பளம் பத்தாம் திகதியை ஒட்டி வருவதால் பதினோராம் திகதி கேளுங்கள். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்பை மட்டும் அனுபவம் உள்ளவருக்கு விட்டுவிடுங்கள், பெற்றோரின் எதிர்பார்ப்பைத் தாங்க முடியாது.

"கொழும்புக் கடையில வேலை இருக்கு, தங்க இடம், சாப்பாடு எல்லாம் குடுப்பாங்க" என்று தோட்டத்துக்கு வரும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்பா கையில் முற்பணம் வைப்பது, அடையாள அட்டையை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது, கடைக்குள்ளேயே படுக்கச் சொல்வது: இந்த மூன்றில் ஒன்று தென்பட்டாலும் அது பகுதிநேர வேலை ஆகாது. ஏற்கனவே போய் மாட்டிய பிள்ளை தெரிந்திருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அழையுங்கள்.

வேலை கேட்டுப் போவதற்கு வாரநாளில் காலை பத்து மணி நல்லது. சனி ஞாயிறும் சம்பளத்துக்கு அடுத்த நாளும் முதலாளி தலை நிமிரமாட்டார். அடையாள அட்டை பதினைந்து வயதிலேயே எடுக்கலாம், அதன் பிரதியும் கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழும் போதும். மூல அட்டையைக் கடையில் விட்டுவராதீர்கள். அம்மாவையோ மாமாவையோ கூட்டிப்போவதில் வெட்கமில்லை. பின்னால் ஆள் இருக்கிறது என்று முதலாளிக்குத் தெரியும்.

"மொத வேலையச் செய் தம்பி, சம்பளத்தப் பொறவு பேசுவோம்" என்பார்கள். பேசிவிட்டே தொடங்குங்கள்: நாளுக்கு எவ்வளவு, எந்த நாளில் தருவீர்கள், பூட்டுவது எத்தனை மணிக்கு, உடைந்தால் யார் கணக்கு. ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) பிடிப்பதாகச் சொன்னால் சம்பளத்தில் உங்கள் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம், ஈ.டி.எப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 வீதமும் அவருடையதே. அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், இலக்கம் தராமல் 8 வீதத்தை மட்டும் கழித்தால் அது எங்கே போகிறது என்று கேளுங்கள். ஒரு சின்னக் கொப்பியில் வந்த நேரம், போன நேரம், வாங்கிய காசு மூன்றையும் அன்றாடம் குறித்து, காசு வாங்கும் நாளில் முதலாளியின் கையெழுத்தையும் அதிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.