லண்டனில் நூலகம் பார்க்க விரும்புவோருக்கு: பிரிட்டிஷ் நூலகமும் வேறு இரண்டும்

லண்டனுக்குச் செல்லும் நம்மவர்களின் பயணத் திட்டத்தில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தவறாமல் இடம்பெறுகிறது. அங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், யூஸ்டன் சாலையில் இருக்கும் பிரிட்டிஷ் நூலகமோ பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. அட்டை இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள் என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். வாசிப்பறைகளுக்குத்தான் அட்டை வேண்டும். முன்கூடமும் நிரந்தரக் காட்சிக்கூடமும் உணவகமும் எவருக்கும் கட்டணமின்றித் திறந்தே இருக்கின்றன. நூல்களில் நாட்டமுள்ள பயணி ஒரு முற்பகலை இங்கே தாராளமாக ஒதுக்கலாம் என்பது என் மதிப்பீடு.

காலின் செயின்ட் ஜான் வில்சன் வடிவமைத்து 1998இல் முறைப்படி திறக்கப்பட்ட இந்தச் செங்கல் கட்டடம் வெளியிலிருந்து பார்ப்பவரை உடனே கவர்வதில்லை. கோபுரங்களும் கூர்முனைகளுமாக நிமிர்ந்து நிற்கும் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையம் பக்கத்திலேயே இருப்பதும் இதற்குப் பாதகமாகிவிடுகிறது. அன்றைய இளவரசர் சார்லஸ் இதை ரகசியப் போலீசாரின் பயிற்சிக்கூடத்தோடு ஒப்பிட்டுக் கேலி செய்தார். ஆனால் 2015இல் இதே கட்டடம் முதல் தரப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. உள்ளே நுழைந்து, மேலிருந்து இறங்கும் வெளிச்சத்தையும் படிப்படியாக உயரும் தளங்களையும் பார்த்த பிறகு, இளவரசரோடு உடன்படுவது கடினம்.

கட்டடத்தின் நடுவில் ஆறு தள உயரத்துக்கு எழும் கண்ணாடிக் கோபுரம்தான் இங்கே முதலில் பார்க்க வேண்டியது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் சேர்த்த சுமார் 65,000 நூல்கள் அதற்குள் இருக்கின்றன. அவருடைய மகன் நான்காம் ஜார்ஜ் 1823இல் அவற்றை நாட்டுக்கு வழங்கினார். தோல் அட்டைகளும் பொன்னெழுத்து முதுகுகளும் கண்ணாடிக்கு அப்பால் வரிசையாகத் தெரிவதால் இதை வெறும் அலங்காரம் என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை, வாசகர் கேட்டால் எடுத்துக் கொடுக்கப்படும் நூல்கள் அவை. கோபுரத்தை ஒட்டியுள்ள மேசைகளில் அமர்ந்து தேநீர் அருந்தியபடியே அரச நூலகத்தைப் பார்க்க முடிகிற வசதி வேறு எந்தத் தலைநகரில் இருக்கிறதோ தெரியவில்லை.

அரிய பொருள்களின் காட்சிக்கூடம் அளவில் சிறியது, உள்ளடக்கத்தில் பெரியது. மாக்னா கார்ட்டா எனப்படும் உரிமைச் சாசனத்தின் 1215ஆம் ஆண்டுப் பிரதிகளில் உலகில் எஞ்சியிருப்பவை நான்கு. அவற்றில் இரண்டு இந்த நூலகத்தின் உடைமை. குட்டன்பர்க் விவிலியமும், பீட்டில்ஸ் குழுவினர் கையால் எழுதிய பாடல் வரிகளும் இதன் சேகரிப்பில் உண்டு. காட்சிப் பொருள்களை அவ்வப்போது மாற்றுவார்கள் என்பதால் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு போவது நல்லதல்ல. ஏடுகளைக் காப்பதற்காக வெளிச்சத்தைக் குறைத்தே வைத்திருக்கிறார்கள். வயதானவர்கள் கண்ணாடியை மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும்.

தமிழ் ஆய்வில் ஈடுபட்டவர்களுக்கு இது சுற்றுலா இடம் மட்டுமல்ல. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சான நூல்கள் பதிவு செய்யப்பட்டன. அவற்றிலிருந்து பல பிரதிகள் லண்டனுக்குப் போயின. இந்திய ஆட்சியைக் கவனித்த பிரிட்டிஷ் அரசுத் துறையின் நூலகமான இந்தியா ஆபீஸ் நூலகம் 1982இல் பிரிட்டிஷ் நூலகத்துடன் சேர்ந்தது. திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப்பும் அறிஞர் எல்.டி. பார்னெட்டும் தொகுத்த, பிரிட்டிஷ் நூலகத்தின் முன்னோடியான பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தின் தமிழ் நூல் அட்டவணை, போப் மறைந்த மறு ஆண்டான 1909இல் வெளிவந்தது. அந்த அட்டவணையில் உள்ள பழைய பதிப்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்க ஆசைப்படுபவர், ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வு வாசிப்பறைக்கு வாசகர் அட்டை பெற வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. அடையாளச் சான்றையும் முகவரிச் சான்றையும் ஊரிலிருந்தே கொண்டு செல்ல வேண்டும். உள்ளே பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில் மட்டுமே. நூல்களில் ஒரு பகுதி யார்க்‌ஷயரிலுள்ள பாஸ்டன் ஸ்பா கிடங்கில் இருப்பதால், லண்டன் போய்ச் சேர்ந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதல் நூலகத்தின் சேவைகளை நெடுநாள் முடக்கியது. ஆகவே வேண்டிய நூல் கிடைக்குமா என்பதைப் புறப்படும் முன்பே எழுதிக் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

அதே யூஸ்டன் சாலையில் மேற்கே சிறிது தூரம் நடந்தால் வெல்கம் கலெக்‌ஷன் வரும். மருந்து வணிகத்தில் செல்வம் சேர்த்த ஹென்றி வெல்கமின் சேகரிப்பிலிருந்து வளர்ந்த மருத்துவ வரலாற்று நூலகமும் காட்சிக்கூடமும் அது. அதன் வாசிப்பறையில் யாரும் உட்காரலாம், அடுக்கிலிருந்து நூலை எடுத்துப் படிக்கலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் பிரிட்டிஷ் நூலகத்தைவிட இதுவே ஏற்றது.

செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்திலுள்ள லண்டன் நூலகத்தின் கதை வேறு. பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் நூல்களை இரவல் பெற முடியாததால் சலிப்புற்ற எழுத்தாளர் தாமஸ் கார்லைல் முன்னின்று 1841இல் தொடங்கிய சந்தா நூலகம் அது. இரும்புக் கம்பித் தளங்களின் இடைவெளி வழியாகக் கீழ்த்தளம் தெரியும் அதன் பழைய அடுக்குகள் புகழ்பெற்றவை. ஆனால் சந்தா சில நாள் பயணிக்குக் கட்டுப்படியாகாது. பார்வையாளருக்கான சுற்று ஏதும் நடக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போகலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். பயண நாளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிரிட்டிஷ் நூலகத்தின் காட்சிக்கூடம் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும், வாசிப்பறைகள் அன்று மூடியிருக்கும்.