துருப்பிடித்த புளோயர் மோட்டார்: எண்ணெயா, சூடா, புல்லரா, ரம்பமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் புளஃப் பக்கம் என் மச்சான் வீடு. கடல் கூப்பிடு தூரம். அவருடைய பழைய அமெரிக்க மோட்டார்ஹோம், அதாவது வீட்டு வண்டி, வருடம் முழுக்க அந்த உப்புக் காற்றில்தான் நிற்கிறது. ஜூலையில் டிராகன்ஸ்பர்க் மலைக்குப் போனால் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். போன முறை அங்கேதான் கேஸ் ஹீட்டரின் புளோயர், காற்றைத் தள்ளும் விசிறி, கீச்சென்று கத்திவிட்டு நின்றுபோனது. புது மோட்டாரை மாட்டுவது ஒரு மணி நேர வேலை. பழையதைக் கழற்றத்தான் இரண்டு சனிக்கிழமை போயின.

இந்த 12 வோல்ட் மோட்டாருக்கு இரண்டு பக்கமும் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு முனைச் சக்கரம் சூடான காற்றை அறைக்குத் தள்ளும். மறுமுனைச் சக்கரம் எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுக்கும். எங்களுடையதில் துரு பிடித்துக்கொண்டது இந்த வெளிக்காற்றுப் பக்கம்தான். சக்கரத்தைத் தண்டோடு இறுக்கிவைப்பது தலையில் அறுகோணக் குழி உள்ள ஒரு குட்டி ஆலன் ஸ்க்ரூ.

முதலில் எண்ணெய். இங்கே எது இறுகினாலும் கை தானாகக் கியூ20 ஸ்ப்ரே டப்பாவுக்குத்தான் போகும். கியூ20, டபிள்யூடி-40 எல்லாம் ஈரத்தை விரட்டப் பிறந்தவை. 40 என்பதே ஈரம் விரட்டும் கலவைக்கான நாற்பதாவது முயற்சி என்பதால் வந்த எண். லேசான துருவுக்கு அவை போதும். ஆழமாக இறுகியதற்குத் துரு இளக்கவென்றே விற்கும் மெல்லிய எண்ணெய்தான் சரி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலப்பவர்களும் உண்டு. மலிவுதான், ஆனால் இரண்டும் பிரிந்துவிடும், ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும். அசிட்டோன் பிளாஸ்டிக் சக்கரத்தை அரித்துவிடக்கூடும், தீயும் சட்டென்று பிடிக்கும். எதை ஊற்றினாலும் ஸ்க்ரூ மேலே பார்க்கும்படி திருப்பி வைத்து, லேசாகத் தட்டி, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.

அப்புறம் சூடு. இரும்பு விரிந்து சுருங்கும்போது துருவின் பிடி விடும் என்பது உண்மைதான். ஆனால் டார்ச் காட்டினால் பிளாஸ்டிக் சக்கரம் அப்பளம்போல் சுருண்டுவிடும். எண்ணெய் ஊறிய இடம் புகைந்து எரியும். சால்டரிங் அயர்னை ஸ்க்ரூ தலையில் சில நிமிடம் அழுத்திப் பிடித்து ஆறவிட்டால், சூடு ஸ்க்ரூவுக்கு மட்டும் போகிறது. எங்கள் ஸ்க்ரூ இதில்தான் அசைந்தது.

புல்லர், அதாவது கால்களால் கவ்விச் சக்கரத்தை இழுத்துக் கழற்றும் கருவி, எனக்குப் பிடிக்கவில்லை. அதன் கால்கள் சக்கரத்தின் மெல்லிய விளிம்பை வளைத்துவிடும். வளைந்த சக்கரம் அதிர்ந்து அதிர்ந்து புது மோட்டாரின் பேரிங்கைத் தின்றுவிடும். நடுக்குமிழில் கால் பிடிக்க இடமிருந்தால் மட்டும் பார்க்கலாம்.

ஸ்க்ரூ வந்த பிறகும் சக்கரம் தண்டைவிட்டு நகரவில்லை. மச்சான் தண்டுக்குக் கீறல் விழாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "மோட்டாரையே தூக்கிப் போடப்போகிறோம், தண்டு எதற்கு மச்சான்?" என்றேன். காப்பாற்ற வேண்டியது சக்கரத்தை. எங்கே உட்கார்ந்திருந்தது என்று அளந்து குறித்துக்கொண்டு, துணி சுற்றிய ஹாக்ஸா பிளேடால் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் தண்டை அறுத்தோம். வெட்டிய முனையின் பிசிரை அரத்தால் தேய்த்து, வெளியே தெரிந்த தண்டை உப்புத்தாளால் வழித்து, சக்கரத்தின் குமிழை ஒரு பெரிய ஸ்பேனர் சாக்கெட் மேல் உட்காரவைத்து, பஞ்ச் என்ற இரும்புக் கம்பியைத் தண்டில் வைத்து இரண்டு தட்டு. தண்டுத் துண்டு கீழே விழுந்தது. என் ஓட்டு ரம்பத்துக்கே.

ஹீட்டர் பெட்டியின் துருப்பிடித்த ஸ்க்ரூக்களுக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை. துளையிட்டு எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் போடுங்கள். இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட்டை மட்டும் புதிதாக வையுங்கள், கசிந்தால் கார்பன் மோனாக்சைடு படுக்கைக்கு வரும். கேஸ் குழாயைத் தொட வேண்டியிருந்தால் பதிவு பெற்ற கேஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் மாட்டி ஸ்விட்சைப் போட்டோம். விசிறி சுற்றியது, தீ பற்றவில்லை. ஒயர் இரண்டையும் மாற்றிக் கொடுத்திருந்தோம். மோட்டார் தலைகீழாகச் சுற்ற, காற்று நோஞ்சானாக வந்தது. காற்று போதாவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்விட்ச் கேஸைத் திறக்க விடாது. மாற்றிக் கொடுத்ததும் பற்றிக்கொண்டது.